மேரி லூ வில்லியம்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள்?

புலிட்சர் பரிசு வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான மேரி லூ வில்லியம்ஸுக்குச் சிறப்பு விருது கேட்டு எழுதுகிறேன். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்று 1965-இல் உங்கள் நடுவர்களே பரிந்துரைத்தார்கள். வாரியம் மறுத்தது. பிறகு 1999-இல் கொடுத்தீர்கள், அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து. 2006-இல் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், 2007-இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். அவர்களும் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே மேரி லூ விஷயத்தில் ‘காலம் கடந்துவிட்டது’ என்ற பதிலை உங்களிடமிருந்து நான் ஏற்பதற்கில்லை.

1910-இல் அட்லாண்டாவில் பிறந்து, பிட்ஸ்பர்கில் வளர்ந்து, கேள்வி ஞானத்தாலேயே பியானோ கற்றவர் மேரி லூ வில்லியம்ஸ். ஆண்டி கிர்க்கின் இசைக்குழுவில் வாசித்தார். குழுவில் யார் எதை எப்போது வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். 1936-இல் வெளிவந்த ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’ இசைத்தட்டைக் கேளுங்கள். அதில் ஒரு துணுக்கு, பின்னாளில் மங்க்கின் ‘ரிதம்-ஏ-னிங்’ மெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜாஸில் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. மங்க்குக்கு விருது கொடுத்த கை மேரி லூவை நோக்கி நீளவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1940-களில் ஹார்லெமில் இருந்த அவருடைய வீட்டில் மங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லோரும் கூடினார்கள். உடனே ‘மேதைகளை வளர்த்த அம்மையார்’ என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். அந்தப் புகழ்தான் அவர் எழுதிய இசையை மறைத்துவைத்திருக்கிறது.

பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொரு பகுதியாக அவர் எழுதிய ‘ஸோடியாக் சூட்’ (சூட் என்றால் பல பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு), 1945 டிசம்பர் 31 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் மேற்கத்தியச் செவ்வியல் கருவிகளோடு அரங்கேறியது. ஜாஸ் கலைஞர்கள் செவ்வியலின் எல்லைக்குள் நுழைவது அரிதாக இருந்த காலம் அது. 1954-இல் பாரிஸில் வாசிப்பை உதறிவிட்டு ஒதுங்கினார், கத்தோலிக்கர் ஆனார், 1957-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மீண்டும் மேடையேறினார். அதன் பின் வந்தவைதான் கத்தோலிக்க வழிபாட்டுக்காக அவர் எழுதிய திருப்பலி இசைகள். அவற்றுள் ‘மேரி லூஸ் மாஸ்’ 1975-இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில், அவரே பியானோவில் அமர, வழிபாட்டின்போது ஒலித்தது. 1981-இல் இறக்கும்வரை டியூக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

அடுத்த கூட்டத்தில் இவர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். விருதுக் குறிப்பில் அந்தச் சூட்டையும் திருப்பலி இசையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். மங்க்கின் பெயர் அதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஜாஸ் ரசிகர் ஒருவர்