கடைசி நேர அலங்காரமா செடிகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் புதிதாகத் திறக்கப்பட்ட உல்லாசத் தலம் ஒன்றைப் பற்றி ஞாயிறு இதழில் முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கட்டடக் கலைஞரின் கருத்து, அறைகளின் வசதி, உணவகத்தின் படம் எல்லாம் இருந்தன. செடிகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். கட்டுமானம் முடிந்த பிறகு இறுதி அலங்காரமாக மரஞ்செடிகளைக் கொண்டுவந்து வைத்தார்களாம். தோட்ட வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் எங்களை அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு புண்படுத்தியது என்பதைத் தங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாங்கள் படம் போட்டிருந்த நீச்சல் குளத்தோர மரங்கள் தரையில் நிற்கவில்லை. வாகன நிறுத்துமிடத்தின் கூரைமேல் நிற்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மரத்துக்கு ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் ஆழம் வரை மண் வேண்டும். புதர்களுக்கு 60 செ.மீ., புல்லுக்கு 30 செ.மீ. மழையில் ஊறிய தோட்ட மண் கன மீட்டருக்கு 1.8 டன் வரை கனக்கும். அப்படியானால் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு மண் நிரப்பும்போது ஒவ்வொரு சதுர மீட்டரும் இரண்டு டன்னுக்கு மேல் சுமக்கிறது. மரத்தின் எடை தனி. தளத்துக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கு பொறியாளர் கையில் இருக்க வேண்டும். பிறகு போய்ச் சொன்னால் மண்ணைக் குறைக்கச் சொல்வார்கள். 40 செ.மீ. மண்ணில் ஆறு மீட்டர் உயர மரத்தை நிறுத்திப் பாருங்கள். வேர் தொட்டிச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடும். நாலு நாள் வெயில் அடித்தால் இலை சுருளும். விடியற்காலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் திடீர்ப் பலத்த காற்று ஒன்று வீசினால் மரம் சாயும்.

மண்ணுக்குக் கீழே இருப்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை. நீர் கசியாத பூச்சுப் போட்டு, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதித்து, அதன்மேல் வேர்த் தடுப்புத் தாள், வடிகால் தட்டு, வடிதுணி என்று அடுக்கி, அதற்குப் பிறகுதான் மண் கொட்ட வேண்டும். மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கு உரம், ஒரு பங்கு மணல் என்பது நம் ஊரில் பழகிய கலவை. வடிகால் வாய்க்கு மேலே திறந்து பார்க்கும் மூடி ஒன்று கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று அந்த மூடியை விட்டுவிடுவார்கள். வேரும் மண்ணும் போய் வாயை அடைத்துக்கொள்ளும். அடியில் நீர் தேங்கும். மேல்மண் காய்ந்து தெரிவதால் இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் தாகத்தால் செத்தது என்று அறிக்கை எழுதப்படும். உண்மையில் அது மூழ்கிச் செத்த மரம்.

கடைசி மாதத்தில் நடுவது நடைமுறைதானே என்று தாங்கள் கேட்கலாம். உண்மைதான், பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கோளாறு தொடங்குவதும் அங்கேதான். பாரந்தூக்கி நின்ற நிலம் கல்லாக இறுகியிருக்கும். சிமென்ட் கழுவிய நீர் இறங்கிய மண்ணில் காரத்தன்மை ஏறி, இக்சோரா (வெட்சி) போன்றவற்றின் இலை மஞ்சளாகும். பெரிய மரம் வரும் வழியில் அதற்குள் சுவர் எழும்பியிருக்கும். வளர்ந்த மரத்தைப் பெயர்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே ஒரு பக்க வேரை வெட்டி, அது தளிர் வேர் விட்டபின் மறுபக்கத்தை வெட்ட வேண்டும். அவசரத்தில் ஒரே நாளில் வெட்டித் தூக்கிவந்தால் திறப்பு விழா வரை பச்சையாக நிற்கும், பிறகு உச்சியிலிருந்து காயும். செடிகளை நெருக்கி நடுவதும் திறப்பு விழாப் படத்துக்காகத்தான். 30 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 11 செடி போதும் என்ற இடத்தில் 20 செ.மீ. இடைவெளியில் 25 செடியை அடைப்பார்கள். ஓராண்டுக்குள் காற்றோட்டம் நின்று மாவுப்பூச்சி குடியேறும். பாதியைப் பிடுங்கி எறிய இன்னொரு குத்தகை விடப்படும். பத்திரிகைகள் திறப்பு விழா அன்று மட்டும் வராமல் மூன்றாம் ஆண்டிலும் ஒருமுறை வந்து படம் எடுத்தால் இந்தப் பழக்கம் பாதி குறையும்.

மரம் விழுந்த செய்திகளிலும் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. பலத்த காற்றில் மரம் சாய்ந்தது என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். பக்கத்தில் என்ன கட்டுமானம் நடந்தது, வேர்மேல் மண் கொட்டினார்களா, குழாய்க்குப் பள்ளம் வெட்டினார்களா என்று யாரும் கேட்பதில்லை. பழைய மரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, கிளை பரவிய எல்லைக்குள்ளேயே ஓரடி மண்ணை ஏற்றி நிலத்தைச் சமப்படுத்துவார்கள். வேருக்கு மூச்சு நின்றுவிடும். மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சாயும்போது பழி காற்றுக்குப் போகும்.

இன்னொன்று. ராயல் பாம் என்னும் அலங்காரப் பனை வரிசையின் படத்துக்குக் கீழே தென்னை மரங்கள் என்று அச்சிட்டிருந்தீர்கள். சின்னப் பிழை என்று தோன்றலாம். தென்னையில் குலையைப் பிஞ்சிலேயே அறுத்துவிட்டால் தேங்காய் விழும் பயமில்லை. ராயல் பாம் தானாகவே மட்டையைக் கழற்றி விடும் மரம். பல கிலோ எடையுள்ள அந்த மட்டை சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவர்மேல் விழும். அதனால் குளத்தோரம் தென்னையை நடலாம், ராயல் பாமை நடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். நாட்டு வாதுமை ஆண்டுக்கு இருமுறை மொத்த இலையையும் உதிர்த்துக் குளத்தின் வடிகட்டியை அடைக்கும். கேளிக்கைப் பூங்காவின் வரிசைத் தடுப்புக்கு அருகே, குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில், அரளியும் டிஃபன்பேக்கியாவும் இருக்கக் கூடாது. அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் ஊசி போன்ற படிகங்கள் வாயிலும் தொண்டையிலும் குத்தி வீக்கம் வரும். ஒரு மணி நேரம் காத்திருக்கும் பிள்ளை எதையாவது பிய்க்கத்தான் செய்யும், பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெங்கிச் செய்திகளில் பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கச் சொல்கிறீர்கள், நல்லது. அன்னாசிக் குடும்பத்துப் புரோமீலியாட் செடியின் இலைக் குவியலிலும் விசிறி வாழையின் மட்டை இடுக்கிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதையும் எழுதுங்கள். இரண்டும் உல்லாசத் தலங்களுக்குப் பிடித்த செடிகள். விசிறி வாழை ராஃபிள்ஸ் ஹோட்டலின் சின்னமே. ஆகவே அவற்றை நடும் இடத்தில் ஆள் எட்டி மருந்து போடவோ நீர் பீய்ச்சிக் கழுவவோ வழி விட்டிருக்க வேண்டும். அந்த வழி வரைபடத்தில் இல்லாவிட்டால் பிறகு வராது.

1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே சுற்றிலும் மண்மேடு எழுப்பி அதன்மேல் மரம் நட்டு வெளியுலகத்தை மறைத்தார்கள். மண்மேடு முதல் வரைபடத்திலேயே இருந்தால்தான் அது முடியும். நம் கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் 18 பெருமரக் கோபுரங்களைப் பாருங்கள். செடி ஏறுவதற்காகவே வடிவமைத்த கட்டமைப்பு அது. 1963இல் அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி ஃபேரர் சர்க்கஸில் நட்ட மெம்பாட் மரத்தின் கதையை அடிக்கடி எழுதும் தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செந்தோசாத் தீவு போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றுக்குத் தாங்காத செடியை நட்டு மாதம்தோறும் மாற்றுகிறார்கள். புன்னையும் தாழையும் பூவரசும் இந்தக் கரைக்கே உரியவை. புன்னையையும் தாழையையும் நெய்தல் நிலத்து மரங்கள் என்று பள்ளியில் படித்த நம் வாசகர்கள் அவற்றை நேரில் பார்த்தும் அடையாளம் தெரியாமல் கடந்து போகிறார்கள். அதைச் சொல்லித்தர நம் மொழிப் பத்திரிகையை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பூங்கா திறப்பதற்குள் விடிகாலையில் வந்து கவாத்து செய்து, சருகு அள்ளி, சொட்டுநீர்க் குழாயின் அடைப்பு நீக்கி, விருந்தினர் வருமுன் கண்ணில் படாமல் விலகிப் போகும் ஊழியர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், தங்கள் வாசகர்கள். எந்தச் செடிக்கு எங்கே நோய் வருகிறது என்று வடிவமைத்தவருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டுரையிலாவது அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இத்தகைய இடங்களைப் பற்றி எழுதும்போது கட்டடக் கலைஞரின் பெயரோடு தோட்டத்தை வடிவமைத்தவரின் பெயரையும் போடுங்கள். படத்தில் உள்ள மரத்தின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால், அச்சுக்குப் போகுமுன் தேசியப் பூங்காக் கழகத்திடமோ அங்கு வேலை பார்க்கும் மேற்பார்வையாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ராயல் பாம் படத்துக்கு வரும் ஞாயிறு இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஈசூன்