மாப்பிள்ளைக்கு, உங்கள் தெரு விஷயமாக

மதுரை
ஞாயிறு இரவு

மாப்பிள்ளை,

உங்கள் தெருவை ஒருவழிப் பாதையாக்கும் திட்டத்தை எதிர்த்து நீ எழுதிய மனுவின் நகல் வந்து பதினெட்டு நாளாகிறது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், கோவித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நம்ம கூட்டாளி 'ஒட்டகத்தை'ப் பார்த்தால் கேட்டதாகச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மனுவை மூன்று தடவை படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது, வாத்தியார் இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் இரண்டு பக்கத்தில் ஒரு எண்கூட இல்லையே மாப்பிள்ளை! 'மிகுந்த இடைஞ்சல்', 'சொல்லொணாத் துயரம்', 'அதிவேகம்' என்று எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரும் எல்லா மனுவிலும் இந்த வார்த்தைகள் இருக்கும். நத்தம் ரோட்டிலிருந்து அழகர்கோவில் ரோட்டுக்கு இணைப்பாக உங்கள் தெருவை ஒருவழிப் பாதையாக்கப் போகிறார்கள் என்றால், இன்றைக்கு அதில் எத்தனை வண்டி போகிறது, என்ன வேகத்தில் போகிறது, தெருவின் அகலம் எவ்வளவு என்ற மூன்றும் மனுவில் இருந்தே ஆகவேண்டும்.

முதலில் எண்ணுங்கள். செவ்வாய், புதன், வியாழன் போதும். முகூர்த்த நாள் வேண்டவே வேண்டாம். மண்டபத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணிவிட்டீர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். சித்திரையில் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்காக மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனம் நிறைந்திருக்கும் நாளும் அப்படித்தான். பள்ளிக்கூடம் நடக்கிற வாரமாகப் பார். காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8. தாளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். டூவீலர், ஆட்டோ, கார், மினி வேன், பஸ் லாரி, சைக்கிள் எல்லாம் தனித்தனிப் பத்தி. நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள். ஒரு திசைக்கு ஒரு ஆள் வேண்டும். ஒருத்தரே இரண்டு பக்கமும் பார்த்தால் டூவீலர் நிச்சயம் விட்டுப்போகும், நம்ம ஊரில் கூட்டமே டூவீலர்தான்.

எண்ணியதை அப்படியே கூட்டிவிடக் கூடாது. சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-இல் போட்ட 106-ஆம் எண் வழிகாட்டியில் எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுகிற அட்டவணை இருக்கிறது. ஒரு வகை வண்டி மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு டூவீலர் 0.75 கார், ஒரு ஆட்டோ 2 கார். ஐந்து சதவீத அளவில்தான் இருக்கிறது என்றால் மினி வேன் 1.4, பஸ் லாரி 2.2. உதாரணத்துக்கு, ஒரு மணி நேரத்தில் 800 டூவீலர், 120 ஆட்டோ, 150 கார், 10 மினி வேன் என்று வைத்துக்கொள். கார் கணக்கில் இவை 600, 240, 150, 14. ஆக மொத்தம் 1,004.

இப்போது அதே வழிகாட்டியின் அடுத்த அட்டவணைக்கு வா. இரண்டு தடம் (லேன்) உள்ள இணைப்புத் தெரு இருவழியாக இருந்தால் மணிக்கு 900 கார் கணக்கு தாங்கும், ஒருவழியாக்கினால் 1,400 தாங்கும் என்று போட்டிருக்கும். திட்டம் போட்டவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்: '900 தாங்குகிற தெருவில் 1,004 போகிறது, ஒருவழியாக்கினால் நெரிசல் தீர்ந்தது.' இந்த இடத்தில்தான் நீ உஷாராக இருக்கவேண்டும். அந்த மிச்ச இடம் காலியாகக் கிடக்காது. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்க மனசில்லாதவன், 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் நத்தம் பறக்கும் பாலத்திலிருந்து இறங்கிப் புதூர்ப் பக்கம் போகிறவன், எல்லோரும் இரண்டே மாதத்தில் உங்கள் தெருவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போனில் வரும் மேப்பே இழுத்துக்கொண்டு வந்து விடும். அந்த அட்டவணையில் பிரதானச் சாலை, துணைப் பிரதானச் சாலை, இணைப்புத் தெரு என்று மூன்றுதான் உண்டு. ஜனங்கள் குடியிருக்கிற உள்தெருவுக்கு அதில் இடமே இல்லை. 'எங்கள் தெரு எந்த வகை என்று முதலில் எழுத்தில் சொல்லுங்கள்' என்று கேள். இந்த ஒரு கேள்விக்கு உன் இரண்டு பக்க மனுவைவிட எடை அதிகம்.

அகலத்தில் ஏமாந்துவிடாதே. பத்திரத்தில் 30 அடித் தெரு என்றிருக்கும், அது சுவரிலிருந்து சுவர் வரை. இரண்டு பக்கமும் சாக்கடை மூடி இரண்டரை அடி வீதம் போனால் 25 அடி. ஒரு ஓரம் கார் நின்றால் இன்னும் ஆறடி போய் 19 அடி. இரண்டு தடம் என்றால் 7 மீட்டர், அதாவது 23 அடி வேண்டும். டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடத்தில் டேப் வைத்து அளந்து போட்டோ எடு. தெருவுக்கு அதன் மிகக் குறுகலான இடத்தின் அகலம்தான் கணக்கு.

வேகத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ரோட்டின் குறுக்கே கோலமாவில் இரண்டு கோடு, சரியாக 30 மீட்டர் இடைவெளி. முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதிலிருந்து அடுத்த கோட்டைத் தொடும்வரை 3.6 விநாடி ஆனால் 30 கிலோமீட்டர் வேகம், 2.7 என்றால் 40, 2.2-க்குள் என்றால் 50 தொட்டாயிற்று. ஸ்டாப்வாட்ச் அமுக்கும் கட்டைவிரலை நம்பாதே, கால் விநாடி தவறினாலே கணக்கு மாறும். போனில் வீடியோ எடுத்து அப்புறம் நிதானமாகப் பார்த்து எழுதுங்கள். கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எடுக்கணும். ஆள் நிற்பது தெரிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவான். முன்னால் வண்டி இல்லாமல் தாராளமாக வருகிற நூறு வண்டியை மட்டும் எடுத்துக் குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தினால், 85-ஆவது வண்டியின் வேகம்தான் மனுவில் போடவேண்டிய எண்.

'அதிவேகம்' என்று ஏன் எழுதக் கூடாது தெரியுமா? மத்திய அரசு 2018-இல் அறிவித்தபடி நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, டூவீலருக்கு 60 வரை உச்ச வேகம். அந்தக் கணக்கில் 50-இல் வருகிறவன் அதிவேகமே இல்லை. அதற்குக் கீழே குறைக்க மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் 2023-இல் குடியிருப்புப் பகுதிக்கு 30 என்று வைத்தார்கள். அதைக் காட்டி 30 கேள்.

30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்டால் உன் வீட்டு வாசலையே சொல். காலையில் தங்கச்சி கோலம் போட இறங்குகிறது. பக்கத்து வீட்டு வேன் நிற்பதால், ரோட்டில் இரண்டடி வைத்த பிறகுதான் வலப்பக்கம் தெரியும், வருகிறவனுக்கும் அப்போதுதான் தங்கச்சி கண்ணில் படும். 30-இல் வருகிறவன் பார்த்து, பிரேக் பிடித்து, நிற்க 30 மீட்டர் வேண்டும். 50-இல் வந்தால் 60 மீட்டர். சாலைப் பொறியாளர்கள் வடிவமைக்க வைத்திருக்கிற அளவே இதுதான். ஒருவழியாகிவிட்டால் எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில் கால் தானாக அமுக்கும். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் சாக்கடை ஓரமாக டூவீலர் வருவதும் நிற்காது. குறுக்கே கடக்கிற குழந்தை ஒரு பக்கம் மட்டும் பார்த்து இறங்கும். எனக்கு இந்தத் திட்டத்தில் பயமே இதுதான்.

'தெருவுக்கு நாலு வேகத்தடை வேண்டும்' என்ற வரியை மாற்று. ஆள் வந்து ஓரடி அகலத்தில் அரையடி உயரத்துக்குத் தாரைக் கொட்டிவிட்டுப் போவான். மழை பெய்தால் டூவீலர் சறுக்கும், ஆம்புலன்சில் படுத்திருப்பவர் தூக்கிப் போடப்படுவார், பிரேக்கும் ஆக்ஸிலேட்டருமாக ராத்திரி முழுக்கச் சத்தம். சரியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். பாலம் மாதிரி மெதுவாக ஏறி இறங்கணும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 100 முதல் 120 மீட்டர் இடைவெளி, 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, வெள்ளைக் கோடு, சாக்கடை ஓரத்தில் தண்ணீர் போக இடம். இந்த அளவுகளை மனுவிலேயே எழுதி, இரண்டே இரண்டு கேள்.

அடுத்து ஒன்று, இதை நான் மனசார சொல்கிறேன். 'வாகனங்களைப் பின்தெரு வழியாகத் திருப்பிவிட ஆவன செய்யவேண்டும்' என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. பின்தெரு 16 அடி. அங்கே வாசல்படி ரோட்டில்தான் இறங்குகிறது, குழாயடியும் ரோட்டில்தான். உங்களுக்கு இருக்கிற கேட்டும் காம்பவுண்டும் அவர்களுக்கு இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு, அங்கேயும் ஒரு நாள் எண்ணுங்கள். கடந்துபோகிற வண்டி பெரிய ரோட்டிலேயே போக, சிக்னல் நேரத்தையும் திரும்புகிற இடத்தையும் சரிசெய்யச் சொல்லி இரண்டு தெருவும் சேர்ந்து கேட்டால்தான் அது நியாயமான மனு.

பேப்பர் வேலை இனி. ஒரு சாலையில் வண்டிப் போக்குவரத்தைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அரசிதழில் அறிவிக்கணும். 'சோதனை ஓட்டம்' என்று தொடங்கி அப்படியே நிரந்தரமாகிவிடாமல் பார்ப்பதற்கு இதுதான் பிடி. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உத்தரவு நகல், வரைபடம், ஏற்கெனவே எடுத்த வாகனக் கணக்கு, அது எடுத்த தேதி இவற்றைக் கேள். 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்காதே. கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் தரவேண்டிய கட்டாயம் இல்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. மனுவை கலெக்டர், மாநகராட்சி ஆணையர், போலீஸ் கமிஷனர் மூவருக்கும் கொடுத்து மனு எண்ணோடு ரசீது வாங்கு. நாற்பது கையெழுத்துப் போட்டாலும் ஒரு தாள் ஒரு மனுதான். பத்து வீட்டில் தனித்தனியாகவும் எழுதச் சொல்.

புதிதாகத் தார் போட்டால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதற்கு உத்தரவே போட்டார். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உன் வராண்டாவில் நிற்கும்.

முதல் நாள் எண்ணிய தாளைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பு, கார் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அடுத்த செவ்வாய் முகூர்த்தமா என்று காலண்டரில் பார்த்துக்கொள். இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒட்டகத்தைப் பிடி, காலையில் சும்மாதான் இருப்பான்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை