பாதிக் கண்

கொழிஞ்சாம்பாறை,
செவ்வாய் இரவு

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வந்தபோது இடது கண்ணில் கட்டு. புரை ஆபரேஷன். வலது கண்ணிலும் புரை இருப்பதால் மகள்தான் படித்துக் காட்டினாள். "பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிராணி என்னடா செய்யும்? முழுசாக இருந்தால்தானே கண்? பரிணாமத்தில் அது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும்?" என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். இரண்டு வருஷமாகப் பாதிக் கண்ணோடு திரிந்தவனிடம் போய்க் கேட்கிறாயே!

பேப்பர் படிக்க முடியாது. பஸ் போர்டில் இருப்பது தமிழா மலையாளமா என்றுகூடத் தெரியாது. ஆனால் வரப்பு தெரிந்தது. எதிரே வருவது மாடா மனுஷனா என்று தெரிந்தது. கிணற்றில் விழவில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

இன்னும் கீழே போ. ஆழியாற்றுத் தண்ணி திருப்ப ராத்திரி வயலுக்குப் போனால், மண்புழு பாதி உடம்பை வெளியே நீட்டிக் கிடக்கும். டார்ச் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குக் கண்ணே கிடையாது. தோலில் வெளிச்சம் உறைக்கிற செல்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட தோல் சற்றே குழிந்தால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். குழியின் வாய் சுருங்கினால் உருவமே விழும். கடலில் நாட்டிலஸ் என்ற ஓடுள்ள பிராணிக்கு இன்றைக்கும் அந்தக் கண்தான், லென்ஸே இல்லை.

1994இல் சுவீடனில் நில்சன், பெல்கர் என்ற இருவர் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். தட்டையான தோலில் தொடங்கி மீன் கண் வரை, படிக்கு ஒரு சதவீத மாற்றம். 1,829 படிகள். நாலு லட்சம் தலைமுறைக்குள் வேலை முடிகிறது. வெளிச்சம் உணரும் செல் முன்பே இருந்ததாக வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். நீ அங்கேதான் பிடிப்பாய், அதனால் நானே சொல்லிவிட்டேன். அந்தச் செல்லின் கதை வேறு கடிதத்துக்கு.

எனக்குப் பிடித்தது லென்ஸ் சமாச்சாரம். வாத்தின் லென்ஸில் உள்ள ஒரு புரதம், அதே வாத்தின் உடம்பில் வேறிடத்தில் லாக்டிக் அமிலத்தைக் கையாளும் நொதி. பரணுக்கு வைத்த ஏணியையே தென்னைக்கும் சாத்துகிற நம்மூர் வேலை!

வலது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குள் ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டுப் போ. ராத்திரி தங்குகிற மாதிரி வா, டார்ச் நான் வைத்திருக்கிறேன்.

உன்,
வேலு