உன் கள்ளனும் எங்கள் கோட்டையும்

திருகோணமலை

அன்பின் மச்சானுக்கு,

நம் ஊர்க் கோட்டையில் சம்பளப் பெட்டியைக் களவெடுக்கும் உன் நாவலின் கட்டு வந்து சேர்ந்தது. ஒரு கிழமையாக வீட்டில் வேறு பேச்சில்லை. நான் படித்து முடிக்கும் தாள்களை மனைவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். சமையற்காரனை மட்டும் சாகவிடக் கூடாதாம், உனக்குச் சொல்லச் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். கள்ளனின் ஐந்து கூட்டாளிகளில் உயிரோடு நடமாடுகிறவன் அவன் ஒருவனே. அந்தச் சுழியோடி மூச்சடக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

இனிக் குறைகள். கோபிக்காதே.

கதை நடப்பது 1782இல். நீயோ முதல் பக்கத்திலேயே 'பிரெட்ரிக் கோட்டை' என்கிறாய். அந்தப் பெயர் 1803இல் வைத்தது. ஓகஸ்ட் மாதத்தில் கொட்டும் மழையில் கள்ளர்கள் மதிலேறுகிறார்கள்! ஊரை விட்டுப் போய் எத்தனை வருடமானாலும் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றை மறக்கலாமா? (கச்சான் என்றால் கடலை மட்டும்தான் என்று என் பேரன் நினைத்துக்கொண்டிருக்கிறான், அவனை மன்னிக்கலாம்.) ஓகஸ்டில் இங்கே புழுதிதான் பறக்கும். அந்தக் காற்றை எதிர்த்து, துறைமுக வாயிலில் இருக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டைப் பக்கம் ஒரு மணி நேரத்தில் தோணி வலித்துவிட்டார்கள் என்றால் கரையில் எவன் நம்புவான்?

பெரிய சிக்கல் உன் துப்பறியும் ஒல்லாந்த அதிகாரி. ஜனவரியிலேயே ஆங்கிலேயர் இரண்டு கோட்டைகளையும் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். கோட்டையைப் பறிகொடுத்தவன் ஓகஸ்டில் அதே நாற்காலியில் இருந்து விசாரணை நடத்துகிறான். ஆனால் மச்சான், இந்தப் பிழைக்குள்தான் உன் கதையே கிடக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் கப்பல்கள் வந்தன. 30ஆம் தேதி இந்தக் கோட்டை பணிந்தது, ஒஸ்டன்பேர்க் மறுநாள்தான் பணிந்தது. இடையில் ஒரே ஒரு இரவு. இங்கே பிரெஞ்சுக்காரன், அங்கே இன்னும் ஆங்கிலேயன். சம்பளப் பெட்டி காணாமற்போக இதைவிட நல்ல இரவு ஏது? எட்டு மாதத்தில் மூன்று கொடிகள். கொடி மாறும்போதெல்லாம் கணக்கேடும் கைமாறும். பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தவன் கைதியாகிவிடுவான், கேட்க வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. உன் கள்ளன் மதிலை அளந்ததைவிட இதையல்லவா அளந்திருக்க வேண்டும்? செப்டெம்பர் 3ஆம் தேதி வெளிக்கடலில் இரண்டு கடற்படைகளும் மோதிக்கொண்டன. அதைப் பார்க்க ஊரே கரைக்கு ஓடியதாக வைத்துக்கொள். பெட்டியை நகர்த்த அந்த நாள் போதும்.

பெட்டிக்குள் கோணேசர் கோயில் விக்கிரகத்தை வைத்திருக்கிறாயோ என்று நடுவில் பயந்தேன். வேண்டாம். 1950இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளிப்பட்டது ஊரறிந்த விசயம், வாசகன் உடனே ஊகித்துவிடுவான். கோட்டை வாசலில் இரட்டை மீன் செதுக்கிய பழைய கோயிற் கல்லைக் கள்ளன் தடவிப் பார்த்து, "இந்த மதிலே களவெடுத்த கல்லில் கட்டியதுதானே" என்று முணுமுணுக்கிறானே, அது போதும். அந்த இடத்தில் தாளை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

என் பாடு வழக்கம்போல. முழங்கால் நோகிறது, ஆனாலும் மாலையில் கோட்டைக்குள் நடந்துவிட்டு வருகிறேன். நேற்று ஒரு விபத்து. மர நிழலில் இருந்து உன் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்த மான் 112ஆம் பக்கத்தை இழுத்துத் தின்றுவிட்டது. சமையற்காரன் கள்ளனின் காதில் ஏதோ சொல்லத் தொடங்கும் பக்கம் அது. 113இல் கள்ளன் சிரிக்கிறான். என்ன சொன்னான் என்று தெரியாமல் மனைவி என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பக்கத்தை மட்டும் உடனே அனுப்பி வை.

அன்புடன்,
உன் மச்சான்