டிரங்குப் பெட்டியில் கிடக்கும் விமானத் துண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பட்டாளத்தில் இருந்த அவர் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியைக் காயலான் கடைக்காரருக்குக் காலி செய்து கொடுத்தார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு; ஓரத்தில் வரிசையாக ரிவிட் ஓட்டைகள், ஒரு பக்கம் உரிந்த பச்சைப் பெயின்ட். 71 போரில் விழுந்த பாகிஸ்தான் விமானத்தோடது என்று அவர் சொல்வாராம். "எந்த ஊர்ல விழுந்துச்சுன்னு சொன்னாராக்கா?" என்று கேட்டேன். "அதை நான் எங்க தம்பி கேட்டேன்" என்றார். ஓட்டை அன்னக்கூடையோடு அதுவும் தராசில் ஏறிப் போய்விட்டது.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம், நானும் அதே தப்பைச் செய்தவன்.

1986-ல் அருணாசலப் பிரதேசத்தில், தேஜுவிலிருந்து வாலாங் போகும் சாலையில் வேலை. நான் ராணுவத்தில் வண்டி, தளவாடங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக். அங்குள்ள மிஷ்மி பழங்குடி வேட்டைக்காரர் ஒருவர் காட்டுக்குள் கிடந்த விமானத்திலிருந்து எடுத்ததாக ஒரு தகடு கொண்டுவந்தார். பார்த்ததுமே தெரிந்தது, என்ஜின் நம்பர் தகடு. இரண்டு டின் பால் கொடுத்து வாங்கினேன். எந்த மலை என்று அவர் கை நீட்டிக் காட்டினார். நான் எழுதிக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்தபிறகு வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு பிராஸோ பாலிஷ் போட்டுத் துடைத்தேன். பட்டாளத்துக்காரன் கை, உலோகத்தைக் கண்டால் சும்மா இருக்காது. துடைத்துத் துடைத்து நம்பரில் முதல் நான்கு இலக்கம்தான் மிச்சம்.

அந்த நம்பரின் மதிப்பு பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மா சாலையை மறித்ததும், அமெரிக்கர்கள் அஸ்ஸாமிலிருந்து இமயமலைக்கு மேலே சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு பறக்கவிட்டார்கள். 'ஹம்ப்' என்று பெயர். போர் முடிவதற்குள் அறுநூறு விமானங்கள் வரை விழுந்தும் தொலைந்தும் போயின. 1943 முதல் காணாமல் போன விமானங்களுக்குத் தனித்தனியாக அறிக்கை எழுதிவைத்தார்கள். ஏறியவர்கள் பெயரோடு என்ஜின் நம்பரும் அதில் உண்டு. என் தகட்டில் நம்பர் முழுதாக இருந்திருந்தால், எங்கோ ஒரு குடும்பத்துக்குத் தன் பிள்ளை விழுந்த மலை தெரிந்திருக்கும்.

நம் நாட்டிலேயே பாருங்கள். 1968 பிப்ரவரி 7-ல் சண்டிகரிலிருந்து லே போன ஏ.என்.-12 விமானம் 102 பேரோடு ரோத்தாங் பக்கம் மறைந்தது. 2024-ல் கிடைத்த நான்கு உடல்களில் சிலரை, கூட இருந்த காகிதங்களை வைத்தே அடையாளம் கண்டார்கள். 56 வருஷம் பனிக்குள் கிடந்த காகிதம்! நடுவில் யாராவது நினைவுக்காக எடுத்துப் போயிருந்தால்?

எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை, கணியம்பாடி பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில் இருக்கிறது: முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போய், 14 பேர் உயிர்விட்டார்கள். இரண்டாம் போரில் பழைய வடஆற்காட்டு அரக்கோணத்திலேயே விமானத்தளம் இருந்தது. இன்று ராஜாளி கடற்படைத் தளம் அங்கேதான். இந்த வீடுகளின் பெட்டிகளில் என்னென்ன இருக்கும்!

இப்போது இளைஞர்கள் இவற்றை ஆசையாகச் சேகரிக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். காட்பாடியில் ஒரு கல்லூரிப் பையன், விலைக்கு வாங்கிய பழைய விமான உயரமானியைக் காட்டினான். முள்ளில் பழுப்பேறிய பூச்சு. நாம் வாய்வழக்கில் ரேடியம் என்கிற ஸ்டிக்கர் வேறு; இது அசல் ரேடியம். ஒளி போய்விட்டாலும் கதிர்வீச்சு போகாது, பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். கண்ணாடியைக் கழற்றாதே, சுரண்டாதே என்று சொல்லி அனுப்பினேன். வெடிக்காத தோட்டா, குண்டு கிடைத்தால் தொடவே கூடாது, போலீசுக்குச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் ராணுவ விமானம் விழுந்த இடத்தில் அனுமதியில்லாமல் கைவைக்க முடியாது. 1986-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் 1972 தொல்பொருள் சட்டப்படி பாதுகாப்பு கிடைக்க, பொருளுக்கு நூறு வயது ஆக வேண்டும். இரண்டாம் போர்ப் பொருள்களுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அதற்குள் எல்லாம் உருக்கப்பட்டுவிடும். என் தகட்டை ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். "இதுக்கு என்ன விலை எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வேலூர்க் கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இதற்கு ஒரு அலமாரி ஒதுக்க வேண்டும். பொருளைத் தர மனமில்லாதவர்களிடம் போட்டோவும், கிடைத்த இடம், வருஷம், தந்தவர் விவரமும் எழுதி வாங்கினாலே போதும். 71-ல் போனவர்களுக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த வாரமே ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள்.

அலமாரி வந்தால் முதலில் என் தகட்டைத் தருகிறேன். மிஞ்சிய நான்கு இலக்கங்களையும், லோகித் ஆற்றின் எந்தக் கரையில் நின்று அந்த வேட்டைக்காரர் எந்தப் பக்கம் கை நீட்டினார் என்று நினைவிருக்கும் வரையிலும் ஒரு தாளில் எழுதி, அதோடு கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.