பரணிலிருந்து இறங்கிய லாரி: சின்ன மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு நாம் எல்லாரும் கல்லிடைக்குறிச்சி வீட்டில் கூடியிருந்தபோது, பரணிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் லாரியை என் கையில் கொடுத்து, "நான் கெடுத்த சாமான்டே இது, முடிஞ்சா சரி பண்ணு, இல்லைன்னா ஆக்கர் கடையில போட்டுரு" என்றீர்கள். பட்டாசலில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள், நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஏழு வாரங்களாக நான் பாளையங்கோட்டையில் அந்த வண்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மையில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று சிரித்தவர்களும் அதை அறியட்டும் என்பதால், உங்களுக்கு மட்டும் எழுத வேண்டிய கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் அது என்ன வண்டி என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1986-இல், கப்பலில் வேலை பார்த்த நம் உறவினர் தூத்துக்குடியில் இறங்கி ஊருக்கு வந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படித்த உங்களுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தார் என்று அம்மா சொல்வாள். அது ஏ.எம்.டி. நிறுவனத்தின் 1/25 அளவு கிட், அதாவது நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்காக, தனித்தனிப் பாகங்களை நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய மாதிரி வண்டி. வண்டி, அமெரிக்காவில் 1967 முதல் 1987 வரை தயாரான பீட்டர்பில்ட் 359. நீண்ட மூக்கும், இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்களும், பத்து டயர்களும் கொண்ட அந்த வண்டிக்குச் சரக்கேற்றும் பாடி கிடையாது. பின்னால் தனி டிரெய்லரைக் கோத்து இழுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது; சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மேல் இருக்கும் வட்டத் தட்டில்தான் டிரெய்லரின் கொண்டி வந்து உட்காரும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. லேலண்டும் டாட்டாவும் பாடியோடு போவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, பாடி இல்லாத லாரி என்பது பாகம் குறைந்த லாரிதான். ஆகவே தீப்பெட்டியின் மரச்சில்லுகளை வெட்டி, மூன்று பக்கப் பலகையும் பின்கதவும் வைத்து நீங்களே ஒரு பாடி கட்டி, அந்தத் தட்டின் மேல் கவிழ்த்து ஒட்டிவிட்டீர்கள். அதைப் பெயர்த்தபோது, அடியில் தட்டு கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே தூசியோ கீறலோ இல்லாமல் கிடந்தது. வண்டி முழுவதிலும் பழுதில்லாத ஒரே பாகம் அதுதான்.

இனிப் பசைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். இந்தக் கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுபவை. அவற்றுக்கென்று விற்கும் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு பாகங்களின் விளிம்பையும் சற்றே கரைத்து, கரைந்தது இறுகும்போது இரண்டையும் ஒரே துண்டாக்கிவிடுகிறது. அந்தப் பசை அன்று உங்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்? நீங்கள் சைக்கிள் கடையிலிருந்து பஞ்சர் சொல்யூஷனை வாங்கி வந்திருக்கிறீர்கள். அது பாரம் தாங்காத இடங்களில், இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையைத் தீக்குச்சியால் அள்ளிப் பூசியிருக்கிறீர்கள். எஞ்சின், அச்சு, கேபின் என்று எந்த இணைப்பைப் பார்த்தாலும் தேன் நிறத்தில் ஒரு திவலை வழிந்து நின்றது. சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இருந்த திவலையை அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர். 1/25 கணக்கில் அது நிஜ வண்டியில் ஐந்து சென்டிமீட்டர் தடிமன். எந்தப் பட்டறையிலும் அப்படியொரு வெல்டிங்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் மாமா, அந்தத் தவறான பசைதான் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் சரியான பசையை அந்தக் கை நடுக்கத்தோடு பயன்படுத்தியிருந்தால், கோணலாகச் சேர்ந்த ஒவ்வொரு பாகமும் கோணலாகவே ஒன்றாகி இறுகியிருக்கும். ரம்பத்தால் அறுத்தாலன்றிப் பிரிக்க முடியாது. பஞ்சர் சொல்யூஷனோ இத்தனை ஆண்டுகளில் காய்ந்து, கட்டைவிரலால் உருட்டினால் வடைமாவுத் துணுக்குபோல உதிர்ந்து வந்தது. வழவழப்பான பாலிஸ்டைரீனில் இரண்டு குழாய்ப் பசைக்கும் பிடிப்புக் குறைவு. பிளேடின் நுனியை நுழைத்து நெம்பியதும் திவலை முழுதாகவே பெயர்ந்தது. மூன்று மாலைப் பொழுதுகளில் வண்டி முழுவதும் தனித்தனிப் பாகங்களாகத் துணியின் மேல் கிடந்தது. இத்துறையில் நன்றாகக் கை தேர்ந்தவர்கள் ஒட்டிய பழைய வண்டிகளை இப்படிப் பிரிக்க முடிவதில்லை.

பிரிக்கவே முடியாமல் என்னைத் தவிக்கவைத்தது முன்கண்ணாடி ஒன்றுதான். அதை ஒட்டியிருந்தது நொடியில் பிடிக்கும் சூப்பர் க்ளூ. கண்ணாடி முழுவதும் வெண்பொடி பூத்து, பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல இருந்தது. அந்தப் பசை இறுகும்போது எழும் ஆவி பக்கத்திலுள்ள வழவழப்பான பரப்பில் வெள்ளையாகப் படியும். அசிட்டோனில் துடைத்தால் பசை போகும், கூடவே கண்ணாடியும் கரையும். இதையும் உங்கள் கணக்கில்தான் முதலில் எழுதிக்கொண்டேன். பிறகு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, 1997 கோடை விடுமுறையில் நான் பரணில் ஏறி அந்த லாரியை எடுத்து விளையாடி, கண்ணாடி கழன்று விழுந்ததும் யாருக்கும் தெரியாமல் ஒட்டி வைத்தது அவள் வாய் வழியே வெளிவந்தது. எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. ஆக அந்தப் பழி என்னுடையது. சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மையுடையது. கேபினைப் பிரீசரில் ஓர் இரவு வைத்து எடுத்து, விளிம்பில் மெல்லத் தட்டியதும் கண்ணாடி விடுபட்டது. 2000-ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வண்ணார்பேட்டையில் கார் பெயிண்ட் விற்கும் கடையில் வாங்கிய ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டு இரண்டு நாள் மெருகேற்றிய பிறகு, இப்போது உள்ளே இருக்கும் ஸ்டியரிங் தெளிவாகத் தெரிகிறது.

பெயிண்டைப் பற்றி நீண்ட நேரம் பேச ஒன்றுமில்லை. சன்னலுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சை எனாமலை, பிரஷ்ஷில் சொட்டச் சொட்ட எடுத்துப் பூசியிருந்தீர்கள். கதவின் கைப்பிடியும் கீல்களும் அதற்குள் மூழ்கியிருந்தன. பாலிஸ்டைரீனைத் தின்னாமல் எனாமலை மட்டும் உரிக்கப் பிரேக் ஆயில் உதவும். கையுறை போட்டுக்கொண்டு, பாகங்களை இரண்டு இரவு அதில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் தோல் உரிவதுபோல வந்துவிட்டது. ஊறப்போட்ட எவர்சில்வர் தூக்குவாளி இனி அடுக்களைக்குள் வரக்கூடாது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள், அதில் நியாயம் இருக்கிறது. மிஞ்சிய ஆயிலை அங்கணத்தில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன். பம்பரிலும் கிரில்லிலும் இருந்த குரோம் என்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியத்தின் மெல்லிய படலம். திரவ பிளீச்சில் போட்ட சில நிமிடங்களில் அது காணாமல் போனது.

பானெட்டின் இடப்பக்கம் டயரின் வரிகள் ஆழமாகப் பதிந்திருந்ததைப் பார்த்து, "பரண் சூட்டில் உருகிவிட்டது" என்றீர்கள். சூடு காரணமில்லை. அந்தக் காலத்து வினைல் டயரை மிருதுவாக வைத்திருக்க அதில் ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலப்பார்கள்; ஆண்டுக்கணக்கில் டயர் பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கழன்ற டயர்களின் மேல் பானெட்டைச் சாய்த்து ஒரே பெட்டியில் வைத்ததுதான் வினை. அதை வைத்தது யார் என்று விசாரிக்கப் போவதில்லை, ஏனென்றால் வீட்டில் பெட்டி கட்டுபவர் ஒருவர்தான். அதே அம்மாதான் பாகங்கள் கோத்திருந்த வெற்றுச் சட்டங்களையும் தூக்கிப் போடாமல் அதே பெட்டியில் வைத்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டங்களைப் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக் பசையில் கரைத்து, கூழாக்கி, அதையே பட்டியாகப் பள்ளத்தில் பூசினேன். வண்டியின் சொந்தப் பிளாஸ்டிக்கே பள்ளத்தை நிரப்பியதால் ஒரு வாரம் காயவிட்டுத் தேய்த்தபோது தழும்பு தெரியவில்லை.

உங்கள் பிழை என்று நான் ஒப்புக்கொள்பவை இரண்டு. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டாமல் கையால் முறுக்கிப் பிய்த்திருக்கிறீர்கள். பிய்த்த இடமெல்லாம் ஒன்று முளை நின்றது, அல்லது சதை போனது. இரண்டாவது அவசரம். பின் அச்சுகளை ஒட்டிய கையோடு வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். பசை காயும்முன் சேஸிஸ் முறுக்கிக்கொண்டது, பிறகு பரணில் அதன் மேல் ஏற்றிய பித்தளைக் குத்துப்போணி அந்த முறுக்கை நிலையாக்கியது. கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பார்த்தால் முன்சக்கரம் ஒன்று மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றது. சேஸிஸைக் கொதி ஆறிய வெந்நீரில் முக்கி, எதிர்ப்புறம் முறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீருக்கு மாற்றுவதை ஏழெட்டு முறை செய்தேன். இப்போது நான்கு மூலையும் தட்டில் படிகின்றன.

தொலைந்த பாகங்கள் இரண்டு. வலப்பக்கப் புகைக்குழாய்க்குப் பதிலாக நீங்கள் பால்பாயிண்ட் ரீஃபிலைச் செருகியிருந்தீர்கள். யோசனை நல்லது, ஆனால் பருமன் போதாது. நிஜக் குழாயை ஐந்து அங்குலம் என்று கொண்டால் இங்கே ஐந்து மில்லிமீட்டர் வேண்டும். தாத்தாவின் டிரான்சிஸ்டர் ஏரியலில் ஒரு கணு அளவெடுத்தாற்போல ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. மினுமினுப்பும் அதிலேயே உண்டு. ஒரு பக்கம் மட்டும் அசல் உலோகம் மின்னுவது பொருந்தாது என்பதால், இரண்டாவது கணுவைப் பருமனாக்கி, இடப்பக்கக் குழாயையும் மாற்றிவிட்டேன். பத்தில் ஒரு டயரும் இல்லை. பின்னால் சக்கரங்கள் இரட்டை இரட்டையாக நிற்பதால் உள்பக்க டயர் கண்ணில் படாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடையும் ஒருவரிடம் மாதிரிக்கு ஒரு டயரைக் கொடுத்தேன். "வரி வரியா வேணுமா, மொழுக்குன்னு போதுமா?" என்று கேட்டுவிட்டு, வரியோடே கடைந்து, கறுப்பு அரக்கும் ஏற்றிக் கொடுத்தார். வெளியே வைத்தாலும் குறை சொல்ல முடியாது.

வண்டி இப்போது சாம்பல் நிறப் பிரைமரோடு மேசையில் நிற்கிறது. தீப்பெட்டிப் பாடியைத் திரும்ப ஏற்றவில்லை, ஏற்றவும் மாட்டேன்; பீட்டர்பில்ட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் அதன் வேலைப்பாடு வண்டியின் மற்றப் பகுதிகளைவிடச் சுத்தமாக இருப்பதால், தூசி துடைத்துத் தனியே வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கை வராமல் போனது பிளாஸ்டிக்கில்தான், மரத்தில் அன்றே வந்திருக்கிறது.

உங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நிறம். மெருகு பெயிண்டை ஈரக்காற்றில் அடித்தால் பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். ஆடிக் காற்றிலோ தூசியைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. பங்குனி முடிவதற்குள் அடித்தாக வேண்டும். பச்சை மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, கதவு. பச்சை எனாமல் உரிந்த பிறகு இரண்டு கதவுகளிலும் "அய்யனார் துணை" என்ற எழுத்து தெரிந்தது. பெயிண்ட் எதுவும் மிஞ்சவில்லை, எழுத்து மட்டும் பள்ளமாக நின்றது. பச்சை அடிப்பதற்கு முன்பே, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்த பழக்கத்தில், சித்தியின் நகப்பூச்சைத் தொட்டு ஈர்க்குச்சியால் எழுதியிருப்பீர்கள் என்று அம்மா சொல்கிறாள். நகப்பூச்சிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனை அரிக்கும். வலக்கதவைப் படிக்கும் முன்பே, இடக்கதவின் எழுத்தைச் சாதாரணக் கீறல் என்று நினைத்து, படித்துப் பார்க்காமலே பட்டி பார்த்துத் தேய்த்துவிட்டேன், அதற்காக மன்னியுங்கள். வலக்கதவை இன்னும் தொடவில்லை. அதையும் அடைத்துவிடட்டுமா, அப்படியே விட்டு அதன் மேல் நிறம் அடிக்கட்டுமா என்பதை நிறத்தோடு சேர்த்து எழுதுங்கள். பிரைமர் டப்பாவில் இன்னும் ஒரு பூச்சுக்கு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மருமகன்
பாளையங்கோட்டை