பழைய கடைவீட்டில் சாயமடிப்பு கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடு ஒன்றைச் சமூகக் குழுவும் பள்ளியும் சேர்ந்து புதுப்பிக்கலாம் என்று யார் கிளம்பினாலும், மாணவர் கையில் முதலில் பெயின்ட் தூரிகைதான் ஏறுகிறது. படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கும், சுவருக்குத்தான் கேடு.

லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரக் கடைவீடுகளில், அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் பொதுவான பொதுச்சுவர்கள் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றோடு போய்விடும். அதன்மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, இன்னும் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் சாயத்தைக் கொப்புளமாகத் தள்ளும். பழி பெயின்ட்மீது விழுகிறது, இன்னொரு கோட் அடிக்கிறார்கள். சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் உலரவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையை 10 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகப் பூச வேண்டும். அடுக்குக்கு அடுக்கு நாள்கணக்கில் இடைவெளி வேண்டும். அதுவரை ஈரச்சாக்கு தொங்கவிடாவிட்டால் வெடிப்பு நிச்சயம். மேலே சுண்ணாம்பு நீரோ, சுவாசிக்கும் சிலிக்கேட் சாயமோ போதும்.

இந்த வேலை நமக்குப் புதிதன்று. 1862இல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சர்க்கரை கலந்த மெட்ராஸ் சுண்ணாம்பைப் பூசியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்.

சுவருக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது கூரை. ஓடு நழுவியிருந்தாலோ மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருந்தாலோ, தண்ணீர் போய்ச் சேரும் இடம் பொதுச்சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை. வெளியே பார்க்க உத்தரம் திடமாகவே இருக்கும். உள்ளே செருகிய முனைதான் உளுத்திருக்கும். ஊசிமுனைக் கருவியால் குத்தினால் தெரிந்துவிடும். சுவரில் முளைத்த ஆலங்கன்றை வேரோடு பிடுங்கக்கூடாது, செங்கல்லும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் மாணவர்களுக்கு என்ன வேலை? நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு அறையையும் நாடாவால் அளந்து வரைபடம் போடுவது, சன்னல், தரைப்பலகை, உத்தரம் அனைத்துக்கும் எண் கொடுத்துப் படம் எடுப்பது, சுவரின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை மாதம் ஒருமுறை அதே புள்ளிகளில் வைத்து அளவு குறிப்பது. சுவர் உலர்ந்துவிட்டதா என்று கடைசியில் தீர்மானிக்கப்போவது இந்தக் குறிப்பேடுதான். தொழில்நுட்பக் கல்விக் கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் தேர்ந்த தச்சர் பக்கத்தில் நின்று சன்னல் பலகைகளைப் பழுதுபார்க்கலாம்.

கூடாத வேலைகளும் உண்டு. பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. சுண்ணாம்பு நீற்றுவது பெரியவர்கள் வேலை, அவர்களும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான். 1991க்கு முந்திய கட்டடமென்றால் புதுப்பிப்புக்கு முன் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சோதனை சட்டப்படி கட்டாயம். உத்தரம், படிக்கட்டு, பொதுச்சுவர் ஆகியவற்றில் கைவைக்கும் முன் பொறியாளர் வேண்டும், அனுமதி வேண்டும், பக்கத்து வீட்டாரிடமும் பேசியாக வேண்டும். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். முகப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டி நெறிகள் உண்டு.

பள்ளி நாள்காட்டியும் இடிக்கிறது. ஆண்டிறுதி விடுமுறைதான் நீளமானது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். அந்த நேரத்தில் கூரையைத் திறந்தால் மாடி முழுதும் நனையும். அளவெடுப்பை ஆண்டிறுதியிலும், கூரையை மழை ஓய்ந்தபின் பிப்ரவரியிலும் வைத்துக்கொள்ளலாம். நான்கு வார ஜூன் விடுமுறைக்குள் பூச்சு, சாயம் எல்லாம் முடியாது. ஆகவே ஓராண்டு மாணவர் அணியோடு ஒப்பந்தம் போடாமல், இரண்டு ஆண்டுக்குப் போட்டு, குறிப்பேட்டை ஓர் அணி அடுத்த அணியிடம் கட்டடத்துக்குள்ளேயே நின்று ஒப்படைக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர் சிலர்
சிங்கப்பூர்